முதுகுக்குப் பின்னால் இருந்த திரை

அன்புள்ள குண்டூசிக்கு,

இந்த அகால நேரத்தில் எழுதுவதற்கு மன்னித்துக்கொள். காலையில் எழுதலாம் என்று படுத்துப் பார்த்தேன், கண்ணை மூட முடியவில்லை. சாயந்திரம் கூப்பிட்டேன், நீ எடுக்கவில்லை. நீ கடைசியாக அனுப்பிய செய்தியைத்தான் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை மதிப்பீட்டுக்கு வருகிறவர்கள் முன்னால் அசிங்கப்படுவதற்குப் பதில் வியாழக்கிழமையே ராஜினாமாவைக் கொடுத்துவிடப் போகிறேன் என்று எழுதியிருந்தாயே, நாளைக்குத்தான் அந்த வியாழக்கிழமை. கொடுத்துவிடாதே. மற்றதெல்லாம் அப்புறம்.

சின்னவள் என் மடியில் தூங்குகிறாள். பல் முளைக்கிற காய்ச்சல் இன்றைக்கு இறங்கிவிட்டது. கீழே படுக்க வைத்தால் உடனே விழித்துக்கொள்கிறாள், அதனால் ஃபோனில் ஒற்றைக் கட்டைவிரலால் தட்டிக்கொண்டிருக்கிறேன். பிழை இருந்தால் சிவப்பு மையை எடுக்காமல் படி.

இன்று எனக்கு மதிப்பீட்டு வகுப்பு முடிந்தது. தேறிவிட்டேன். தொழில்நுட்பம் வைத்து ஒரு பாடம் நடத்திக் காட்டாத தற்காலிக ஆசிரியர்களை நிரந்தரமாக்க மாட்டோம் என்று நம் இரண்டு பள்ளிகளையும் நடத்துகிற நிர்வாகம் சொன்ன நாளிலிருந்து நம் இரண்டு பேர் தலைக்கு மேலும் ஒரே கத்திதானே? என் கத்தி விலகிவிட்டது. அது எப்படி விலகியது என்று நீ கேட்டே ஆகவேண்டும். வெள்ளிக்கிழமை உன் பள்ளிக்கு வரப்போவதும் இன்று என் வகுப்பைப் பார்த்த அதே மதிப்பீட்டாளர் அம்மாள்தான்.

அந்த அட்டைகள் உனக்குத் தெரியும். ஒவ்வொரு பிள்ளைக்கும் கறுப்பு வெள்ளைக் கட்டம் போட்ட ஓர் அட்டை. எந்தப் பக்கத்தை மேலே வைத்துப் பிடிக்கிறார்களோ அதுதான் விடை. நான் ஃபோன் கேமராவை வகுப்பு முழுக்க ஒரு சுற்றுக் காட்டினால் போதும், யார் என்ன விடை சொன்னார்கள் என்று அது படித்துக் கரும்பலகைப் பக்கம் இருக்கும் பெரிய திரையில் பட்டைகளாகக் காட்டிவிடும். பிள்ளைகளுக்குத் தனியாக எந்தக் கருவியும் வேண்டாம். நானோ அதிபுத்திசாலி. சின்னவள் ஓர் அட்டையின் மூலையைக் கடித்துத் தின்றுவிட்டாள் என்று, மொத்தத்தையும் நகல் கடையில் கொடுத்து லேமினேஷன் பண்ணிவிட்டேன். தண்ணீரில் போட்டாலும் ஒன்றும் ஆகாது மேடம் என்று கடைக்காரர் பெருமையோடு கொடுத்தார். தண்ணீரில் யார் போடப்போகிறார்கள்?

இன்று வகுப்பில், கரும்பலகைக்குப் பக்கத்து ஜன்னலில் இருந்து வெயில் நேரே பிள்ளைகள் மேல் விழுந்தது. திரைச்சீலை துவைக்கப் போயிருந்தது. எல்லாரும் அட்டையைத் தூக்கினார்கள். வகுப்பு முழுக்கக் கண்ணாடிக் கடை மாதிரி ஒரே பளபளப்பு! ஃபோன் நாலைந்து அட்டைகளைத்தான் படித்தது. படித்த உடனே திரையில் ஒரு பட்டை உயர, அதைப் பார்த்து மற்ற வாண்டுகள் எல்லாம் தங்கள் அட்டையைச் சட்டென்று திருப்பிப் பிடித்தன. இது போதாது என்று, என் வீட்டு மகராசனுடைய செய்தி திரையில் வந்து குதித்தது: டயப்பர் தீர்ந்துவிட்டதாம், வரும்போது பெரிய சைஸ் வாங்கி வர வேண்டுமாம். வகுப்பே கூரை அதிரச் சிரித்தது. டீச்சர், யாருக்கு டீச்சர் என்று ஒருத்தன் கேட்டான். கடைசி பெஞ்சில் தலைமை ஆசிரியையும் மதிப்பீட்டாளர் அம்மாளும் உட்கார்ந்திருந்தார்கள். அந்த நேரத்தில் பூமி பிளந்திருந்தால் நன்றி சொல்லி இறங்கியிருப்பேன்.

வேறு வழி தோன்றவில்லை. எல்லாரும் அப்படியே பின்பக்கமாகத் திரும்பி உட்காருங்கள் என்றேன். நான் ஓடிப்போய்ப் பின்சுவரில் அலமாரியை ஒட்டி நின்றேன். எனக்கு இடம் விட்டுத் தலைமை ஆசிரியை காலை மடக்கிக்கொண்டார். இப்போது வெயில் பிள்ளைகளின் முதுகில். அட்டைகள் பளிச்சென்று தெரிந்தன. ஆனால் திரையும் அவர்கள் முதுகுக்குப் பின்னால் போய்விட்டது.

மூன்றில் ஒன்று, நான்கில் ஒன்று, இதில் எது பெரியது என்று கேட்டேன். போன வாரம் முழுக்க நடத்திய பாடம் அது. புரிந்ததா என்றால் புரிஞ்சுது டீச்சர் என்று கோரஸாகப் பாடுவார்கள். அட்டைகளைக் காட்டினார்கள். அவர்கள் தலைக்கு மேலே, தூரத்துத் திரையில், தப்பான விடைக்கு நேரே சிவப்புப் பட்டை ஏறிக்கொண்டே போனது. பார்த்துக் காப்பியடிக்க எதுவும் இல்லாததால் எல்லாரும் மனதில் பட்டதைக் காட்டிவிட்டார்கள். நான்கு பெரிய எண், அதனால் நான்கில் ஒன்றுதான் பெரியது, அவ்வளவுதான்! வகுப்பில் முக்கால்வாசிப் பேருக்கு ஒன்றுமே புரியவில்லையடி. அதை நானும் அந்த அம்மாளும் ஒரே நேரத்தில் பார்த்தோம்.

அப்புறம் ஃபோனை அலமாரி மேல் வைத்துவிட்டேன். பழைய தாள்களைக் கிழித்து ஆளுக்கு இரண்டு துண்டு கொடுத்து, ஒன்றை மூன்றாகவும் இன்னொன்றை நான்காகவும் மடிக்கச் சொன்னேன். மடித்த துண்டுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். வாயாடி ஒருத்தி எழுந்து, ஆள் சேரச் சேர நம்ம பங்கு குறையுது டீச்சர், தம்பி பொறந்ததும் எங்க வீட்ல அதானே ஆச்சு என்றாள். அவ்வளவுதான், எல்லார் முகத்திலும் விளக்கு எரிந்தது. மறுபடி அட்டை காட்டச் சொன்னேன். பச்சைப் பட்டை ஏறியது. ஆறேழு பேர் இன்னும் தப்புதான், ஆனால் அவர்கள் யார் யார் என்று இப்போது எனக்குத் தெரியும்.

பிறகு தலைமை ஆசிரியை அறைக்குக் கூப்பிட்டார்கள். பிள்ளைகளைத் திரைக்கு முதுகு காட்ட வைத்தது நல்ல யோசனை, எங்கே படித்தீர்கள் என்று அந்த அம்மாள் கேட்டார். எங்கேயும் இல்லை மேடம், லேமினேஷன் பளபளத்தது என்றேன். பொய் சொல்லத் தெம்பு இல்லை. அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுச் சிரித்தார். போகிற இடமெல்லாம் பச்சைப் பட்டையாகவே காட்டுகிறார்கள், சிவப்பு வந்தால் டீச்சர் என்ன செய்கிறார் என்று இன்றைக்குத்தான் பார்த்தேன் என்றார். இந்த மாதமே நிரந்தர ஆணை வந்துவிடுமாம். குழாயடியில் போய் முகம் கழுவிக்கொண்டேன். அழுதாயா என்று கேட்காதே.

ஒத்திகையில் உன் புரொஜெக்டர் எரியாமல் போனதும், உங்களுக்கு சாக்பீஸ்தான் லாயக்கு என்று உன் பள்ளி ஒருங்கிணைப்பாளர் எல்லார் முன்னாலும் சொன்னதும் உன்னை எப்படி அறுத்திருக்கும் என்று எனக்குத் தெரியும். அவர் கிடக்கிறார். மதிப்பீட்டாளர் அம்மாள் பார்க்க வருவது வேறு. தப்பு வந்த பிறகு பிள்ளையைப் பிடித்து உட்கார வைத்துப் புரிய வைப்பதில் உன்னை விடக் கெட்டிக்காரி யார்? பயிற்சிக் காலத்தில் எனக்கே வகுத்தல் கணக்கை நடத்தச் சொல்லிக் கொடுத்தவள் நீ.

என்னுடைய அட்டைகள், கேள்விகள், காணொளிகள் எல்லாவற்றையும் ஒரு ஃபோல்டரில் போட்டு உனக்கு அனுப்பியிருக்கிறேன். அட்டைகளைச் சாதாரணத் தாளில் அச்செடுத்துக் காலண்டர் அட்டையில் ஒட்டிக்கொள், லேமினேஷன் பக்கம் தலைவைத்தும் படுக்காதே. காணொளியைப் பென் டிரைவிலும் வைத்துக்கொள், நெட்டை நம்பாதே. திரையில் இணைப்பதற்கு முன் ஃபோனில் செய்திகள் வராதபடி நிறுத்திவை, உன் மாமியார் என்ன அனுப்புவார் என்று யாருக்குத் தெரியும்! முதல் நாளே அந்த அறைக்குப் போய் வயரைச் சொருகிப் பார். புரொஜெக்டர் எரியாவிட்டால், என்னைப் போலக் காகிதத்தை எடுத்து மடிக்கச் சொல். நாளை சாயந்திரம் வீடியோவில் வா, நான் மாணவியாக உட்காருகிறேன். தப்புத் தப்பாகவே விடை சொல்கிறேன்.

நீயும் நானும் இந்த வேலையில் தலை நரைக்கிற வரைக்கும் இருக்க வேண்டும். அந்த ராஜினாமாக் கடிதத்தைப் பையிலேயே வைத்திரு. நாளைக்குப் பள்ளிக்குள் நுழைவதற்கு முன்னால், கொடுக்கவில்லை என்று ஒரே ஒரு வார்த்தை எழுது போதும். சீக்கிரம் பதில் போடு.

இப்படிக்கு,
உன் பழைய அறைத்தோழி,
தூங்குமூஞ்சி