நாற்பத்தைந்தாவது நாள்

அன்புள்ள என்று எழுத வரவில்லை. ஆகவே, உனக்கு,

சனிக்கிழமை உன் கல்யாணத்துக்கு என் கொட்டகையில் நிற்கும் உன் பழைய ஹோல்டன் காரை எடுத்துப்போக வருவதாக எழுதியிருந்தாய். பல்லாரட் கார் கிளப்புக்கு நான்தான் செயலாளர் என்பதால், புது பெர்மிட்டுக்கு என் கையெழுத்தையும் கேட்டிருந்தாய். வெட்கமே இல்லை உனக்கு.

வண்டியிலிருந்த பதிவுப் புத்தகத்தைப் புரட்டினேன். கிளப் பெர்மிட்டில் பழைய வண்டியை வருடத்துக்கு நாற்பத்தைந்து நாள்தான் ஓட்டலாம். கிளம்புமுன் தேதி எழுதாவிட்டால் அபராதம். அதற்குப் பயந்து ஒரு நாள்கூட விடாமல் எழுதியிருக்கிறாய்.

மார்ச் ஒன்பதும் இருக்கிறது. ஆஸ்பத்திரியில் என் மார்பை அறுத்தெடுத்த நாள். "வேலைல மாட்டிக்கிட்டேன் கண்ணு, அசையவே முடியல" என்று போனில் சொன்னாயே. என்னிடம் சொன்ன பொய்யை அந்தப் புத்தகத்திடம் சொல்ல உனக்குத் துணிச்சல் இல்லை.

புத்தகத்தில் ஒரே ஒரு வரி மீதி இருந்தது, நாற்பத்தைந்தாவது நாளுக்கு. இன்று காலை அதில் தேதி போட்டுவிட்டு, வண்டியை எடுத்துக்கொண்டு பால் வாங்கப் போனேன்.

"என்னக்கா, ரெண்டு பாட்டில் பாலுக்கா இந்த ராணிய வெளிய எடுத்தீங்க?" என்று கடைக்கார டுகால் சிரித்தான்.

"சும்மாதான நிக்கப்போறா. நீ பாலைக் குடு" என்றேன்.

புது பெர்மிட்டுக்குக் கிளப் கூட்டத்தில்தான் கையெழுத்திடுவேன். கூட்டம் உன் கல்யாணம் முடிந்து வரும் திங்கட்கிழமை.

வண்டியைத் துடைத்து மினுக்கி வைத்திருக்கிறேன். சனிக்கிழமை அவளையும் கூட்டிவா, பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொள்ளுங்கள். பஸ் தெருமுனையில் நிற்கும். அதில் ஏறத் தேதி எழுத வேண்டியதில்லை.

இப்படிக்கு,
உன் கிளப்பின் செயலாளர்