பதினோராவது நிமிடம்

ஜூன் 4, செவ்வாய்

காலையிலிருந்து மழை. கூடத்தை ஒதுக்கினேன். சோபாவைத் தள்ள அடுத்த வீட்டுக்காரரைக் கூப்பிட வேண்டியதாயிற்று. சுவரில் இரண்டு பிளக்தான் வேலை செய்கிறது. மகன் அருளிடம் சொல்லியாயிற்று.

அவனும் அவன் கூட்டாளிகளும் நாளை மறுநாள் வருகிறார்கள், ஆல்பத்தின் கடைசிப் பாட்டைப் பதிவு செய்ய. அவனுக்கு நாற்பத்தேழு வயது, புக்கிட் தெங்காவில் தொழிற்சாலை சூப்பர்வைசர், வாரக் கடைசியில் கிட்டார். புக்கிட் மெர்தாஜாமில் ஓர் இரும்புக்கடை மாடியில் ஆறு வருடமாக இந்தச் சத்தம். கீபோர்டு வாசித்தவன் வேலை கிடைத்துச் சிங்கப்பூர் போய்விட்டான். என் பியானோ வீட்டைவிட்டு நகராது. ஆகவே லீவு எடுத்துக்கொண்டு அவர்கள் வருகிறார்கள்.

போனில் கேட்டேன், "நோட்ஸ் எங்க?"

"நோட்ஸெல்லாம் இல்லம்மா. நாங்க வாசிக்க வாசிக்க நீங்க சேந்துக்குங்க."

நாற்பது வருடம் மாதா கோயிலில் ஆர்கன் வாசித்தவள் நான். தாளில் இல்லாத எதையும் தொட்டதில்லை. மாட்டேன் என்றிருக்க வேண்டும். என்னால் முடியாது என்று நினைத்துவிடுவான். சரி என்றேன்.

வாங்க: பிஸ்கட், கொசுவர்த்தி, பல்பு.

ஜூன் 6, வியாழன்

மழை இல்லை. பத்து மணி என்றார்கள், வந்தது பத்து நாற்பது. தீவுக்கு வரும் பாலத்தில் ஜாமாம். பேஸ் கிட்டார் நாசிர், அப்பாவின் சாப்பாட்டுக் கடையைப் பார்த்துக்கொள்கிறவன். டிரம்ஸ் ஆ மெங், இரும்புக்கடை அவனுடையது. செருப்பை வெளியே வரிசையாக விட்டார்கள். நல்ல வளர்ப்பு.

நாசிர் விளக்கினான். "மொதல்ல உறுமி அடி மாதிரி போகும் ஆண்ட்டி. அப்புறம் மலாய் ஜோகெட், டான்ஸ் ஆடுற மாதிரி. அப்புறம் ராக். நடுவுல உங்க கோயில் பாட்டு மாதிரி ஒண்ணு."

"இது எந்த வகை?"

"எல்லாந்தான் லா. ரோஜாக்! வெள்ளரி, அன்னாசி, எல்லாம் ஒரே தட்டுல."

எல்லாம் என்பது ஒரு வகையல்ல என்றேன். ஆ மெங்குக்கு அருள் மலாயில் சொன்னான். குச்சி கையிலிருந்து விழும் அளவுக்குச் சிரிப்பு.

ஜி மைனர். ஒத்திகைதானே என்று வாசித்தேன். முடிந்த பிறகு அருள் சொல்கிறான், பதிவாகிவிட்டதாம். இவர்கள் வழக்கம் அப்படி. ஒத்திகை வேறு, பதிவு வேறு என்று கிடையாது. முதல் தடவை எது வருகிறதோ அதுதான் பாட்டு. பதினாலு நிமிடம்!

போகும்போது நாசிர்: "ஆண்ட்டி எண்ணுறது சூப்பர் லா."

என்ன எண்ணுவது?

ஜூன் 7, வெள்ளி

அருள் போனுக்கு அனுப்பியிருந்தான். கேட்டேன். அவமானம்.

என் குரல். "ஒன் அண்ட் டூ அண்ட்", தொடக்கத்திலிருந்தே. டிரம்ஸுக்கு மேலாக. நாலாவது நிமிடத்தில், "மெதுவா! யாரு வெரட்டுறா?" அங்கேயே நிறுத்திவிட்டேன்.

கான்வென்டில் பியானோ சொல்லிக்கொடுத்த சிஸ்டர் புறங்கையில் பத்துக் காசு நாணயம் வைப்பார். காசு விழக்கூடாது, வாய் எண்ணிக்கையை விடக்கூடாது. எட்டு வயதுப் பழக்கம். பெரியவளான பிறகு உதடு மட்டும்தான் அசைகிறது என்று நம்பியிருந்தேன். கோயிலில் ஒருவர்கூடச் சொல்லவில்லை. என் வீட்டுக்காரரும் சொல்லவில்லை. ஆர்கனுக்குப் பக்கத்து பெஞ்சில் நாற்பது வருடம் உட்கார்ந்திருந்தவர். போய் இரண்டு வருடமாகிறது, இனி யாரைக் கேட்பது?

அருளுக்குப் போன்.

"என் குரல எடுத்துடு."

"எடுக்க முடியாதும்மா. எல்லா மைக்குலயும் ஏறியிருக்கு. உங்க குரல எடுத்தா டிரம்ஸும் போயிரும்."

"அப்ப திரும்ப வாசிக்கலாம். நோட்ஸ் நானே எழுதி வைக்கிறேன்."

"அது வேற பாட்டாயிரும். உங்களுக்குப் பிடிக்கலைன்னா இந்தப் பாட்ட விட்டுர்றோம். நாளைக்கு மத்தியானம் ஆல்பத்த அனுப்பணும். அதுக்குள்ள சொல்லுங்க."

ஆறு வருட வேலை. ஆனால் அவன் கெஞ்சவில்லை. கெஞ்சியிருந்தால் முடியாது என்று சொல்வது எளிது.

ஜூன் 8, சனி

நல்ல வெயில். துணி காயப் போட்டேன். பால் திரிந்துவிட்டது.

முழுவதும் கேட்காமல் தீர்ப்புச் சொல்வது முறையல்ல. ஏழரைக்குக் கண்ணாடி, பென்சில், தாள். நிமிடவாரியாக:

3 - இடது கை தாமதம்.
6 - விரல் வழுக்கல். கேட்கச் சகிக்கவில்லை.
8 - நாசிர் தாளத்துக்கு முன்னால் ஓடுகிறான். என் தவறல்ல.
11 - எண்ணிக்கை இல்லை.

பின்னால் தள்ளி மறுபடி கேட்டேன். ஒன் அண்ட் டூ அண்ட். பிறகு ஒன்றுமில்லை. பியானோ மட்டும் போகிறது, கடைசி வரை, மூன்று நிமிடம். கோயில் பாட்டில் தொடங்கி எங்கேயோ போகிறது. இப்படி ஒன்றை எந்தத் தாளிலும் நான் பார்த்ததில்லை. வாசித்த நினைவும் இல்லை.

அவர் அடக்கத்தன்று வாசித்தபோதுகூட எண்ணினேன். எண்ணியதால்தான் வாசித்து முடித்தேன்.

குரலை எடுத்துவிட்டால், அது நின்ற இடமும் தெரியாமல் போகும்.

பதினொன்றரைக்குப் போன் செய்தேன். "அப்படியே இருக்கட்டும். அந்த 'மெதுவா' கூட."

"நெஜமாவாம்மா?"

"ஆறாவது நிமிஷத்துல ஒரு தப்பு இருக்கு, அது என்னோடது. எட்டாவது நிமிஷம் நாசிரோடது. அவன்கிட்ட சொல்லு."

"ஸ்பீக்கர்லதான் இருக்கீங்க."

பின்னாலிருந்து நாசிர்: "ஆண்ட்டி, நானா? மெங்தான் இழுத்துட்டுப் போனான்!" ஆ மெங் என்னவோ கத்தினான். வைத்துவிட்டேன்.

மாலை ஐந்து. சோபா இன்னும் சுவரோரம். பியானோவில் உட்கார்ந்தேன், தாள் எதுவும் வைக்காமல். ஜி மைனர். இடது கை விரல்களை உதட்டின் மேல் வைத்துக்கொண்டு வலது கையால் மட்டும் வாசித்தேன். உதடு அசைந்தது. மறுபடி. அசைந்தது. மூன்றாம் தடவை கொஞ்ச தூரம் போன பிறகு இடது கையும் தேவைப்பட்டது. உதட்டிலிருந்து எடுத்துவிட்டேன்.