போனில் தெரியாத மூஞ்சி

ஜூலை 9, புதன்

காலையில் நான் சொன்னவை: இட்லி ஆறுகிறது, மோட்டாரில் ஏதோ சத்தம் வருகிறது, இன்று பள்ளியில் கூட்டம் என்பதால் வரத் தாமதமாகும். வீட்டுக்காரர் ரிஃபாய் சொன்னது: ம். மூன்றுக்கும் சேர்த்து ஒரே ம். தனித்தனியாகக் கொடுக்கக்கூட மனுஷனுக்கு வலிக்கிறது.

சவுதியில், தமாமில் ஜெனரேட்டர் மெக்கானிக்காக இருந்த பதினாலு வருஷமும் தினம் போனில் என் காதைத் தின்றவர் இவர்தான். அறையில் யார் குறட்டை விடுகிறான், யார் உப்புப் போடாமல் சமைத்தான், எல்லாம் சொல்வார். இனிமேல் ஊர்தான் என்று பெட்டியோடு வந்து இறங்கி இரண்டு வருஷமாகிறது. மீமிசல் ஐஸ் கம்பெனியில் இயந்திரம் பார்க்கிறார். ஐஸோடு கிடந்து அவரும் உறைந்துவிட்டார் போல.

சாப்பாட்டு நேரத்தில், "அத்தாவக் கூப்பிடு" என்றேன். மகள் நுஸைபா புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கவில்லை. "அத்தா அடுத்த ரூம்லதான் இருக்காக. நீங்களே கூப்பிடுங்க. நான் என்ன போஸ்ட்மேனா?"

பத்தாம் வகுப்பு. வாய் என்னிடமிருந்து போனது.

ஜூலை 11, வெள்ளி

ஜும்மா முடிந்து நாத்தனார் ஹமீதா பானு வந்தாள். உட்காரும் முன்பே, "அப்ப அண்ணன் மறுபடி சவுதிக்குப் போறாகளா மதினி?" என்றாள்.

எனக்கு ஒன்றும் தெரியாது என்பதை என் முகம் காட்டிவிட்டிருக்க வேண்டும். அவளுக்கு அதில் ஒரு சந்தோஷம். திருச்சி ஏஜெண்ட் ஒருவன் விசா இருக்கிறதென்று கூப்பிட்டானாம். இவர் தங்கச்சியிடம் யோசனை கேட்டிருக்கிறார். தங்கச்சிக்கு யோசனை என்றால் அல்வா.

"நீங்க ரெண்டு பேரும் பேசிக்கிறதே இல்லையாமே. ஜமாத்துல நாலு பெரியவுகள வச்சுப் பேசிருவோமா?"

நல்லது. தொழுகை முடிந்து பள்ளிவாசல் வாசலில் செருப்புத் தேடுகிற நேரத்தில் ஊர் முழுக்கப் பேச ஒரு விஷயம் கிடைக்கும்.

ஜூலை 12, சனி

"போறீகளாமே."

"இன்னும் முடிவு பண்ணல."

"எங்கிட்ட எப்ப சொல்றதா இருந்தீக?"

"சொல்லலாம்னுதான்..." அவ்வளவுதான். வண்டிச் சாவியை எடுத்தார். சனிக்கிழமையும் ஐஸ் உருகுமாம்.

ஜூலை 13, ஞாயிறு

ஜமாத்துக்குப் போவதற்கு முன்னால் நானே ஏதாவது செய்தாக வேண்டும். புதுக்கோட்டையில் ஒரு மனநல டாக்டர் இருக்கிறார். ஆனால் புதுக்கோட்டை பஸ் ஸ்டாண்டில் நம் ஊர்க்காரர் ஒருவர் இல்லாத நேரம் ஏது? ஆகவே ஆன்லைன். உட்கார்ந்த இடத்திலேயே மானத்தைக் காப்பாற்றிக்கொள்ளலாம்.

ஒரு ஆப்பை இறக்கினேன். முகப்பிலேயே "மணநல ஆலோசகர்கள் உங்களுக்காக" என்று போட்டிருந்தது. மூன்று சுழி ண. மனநலம் என்று எழுதத் தெரியாதவர்கள் மனசை என்ன பண்ணப்போகிறார்கள்? அப்புறம் தோன்றியது: என் பிரச்சினை மணத்தில்தானே, சரியாகத்தான் எழுதியிருக்கிறார்கள்.

படங்களில் எல்லோரும் கையைக் கட்டிக்கொண்டு ஒரு பக்கமாகச் சாய்ந்து சிரிக்கிறார்கள். நகைக்கடை விளம்பரத்தில் நிற்பவர்கள் மாதிரி.

ஜூலை 17, வியாழன்

முதல் ஆள். சென்னைப் பெண். என்னைவிடப் பதினைந்து வயதாவது சின்னவள். "ஹாய் நிலோஃபர்" என்றாள். என் மாணவிகள் கேட்டிருந்தால் மயங்கி விழுந்திருப்பார்கள்.

"உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல ஒரு சேஃப் ஸ்பேஸ் இல்லைனு தோணுது" என்றாள். எங்கள் வீட்டில் மூன்று அறையும் ஒரு மாடியும் இருக்கின்றன என்று சொன்னேன். குறித்துக்கொண்டாள். உண்மையாகவே குறித்துக்கொண்டாள்.

ஜூலை 20, ஞாயிறு

இரண்டாவது ஆள், ஆனந்தராஜ். பின்னால் வாங்கின கேடயங்களை அடுக்கி வைத்திருந்தார். நான் இரண்டு வாக்கியம் பேசியதும் எல்லாம் புரிந்துவிட்டது அவருக்கு. "மேடம், வெளிநாட்டுலேர்ந்து வந்த ஆம்பளைங்களுக்கு வீட்ல ஒரு மரியாத வேணும். நீங்க தினமும் காலைல கண்ணாடியப் பாத்துச் சிரிச்சுப் பழகுங்க. நம்ம வகுப்புல சேந்தீங்கன்னா..." என்று ஆரம்பித்தார். அணைத்துவிட்டேன். கண்ணாடியைப் பார்த்து ஒரு பொம்பளை தனியாகச் சிரித்தால் ஹமீதா பானு ஜமாத்துக்குப் போக மாட்டாள், நேரே ஓதிப் பார்க்கிறவரிடம் கூட்டிப்போவாள்.

ஜூலை 24, வியாழன்

போகட்டும். தமாமுக்கே போகட்டும். எனக்கென்ன.

ஜூலை 27, ஞாயிறு

எனக்கென்ன என்று எழுதியவளே மூன்றாவது ஆளைப் பிடித்திருக்கிறேன். அமராவதி, ஈரோட்டுப் பக்கம். படத்தில் கை கட்டவில்லை, அதற்காகவே தேர்ந்தெடுத்தேன். ஐம்பதைத் தாண்டிய பெண்மணி. நடுவில் அவர் வீட்டுக் குக்கர் கத்தியது. "ஒரு நிமிஷமுங்க" என்று எழுந்து போய் அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார். கேடயம் எதுவும் இல்லை. சுவரில் பால்காரர் காலண்டர்.

நிறையப் பேசினேன். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். கடைசியில் கேட்டார்: "போன்ல அவ்வளவு பேசுனவரு நேர்ல ஏனுங்க பேசறதில்ல?"

"பேச அவுககிட்ட ஒண்ணும் இல்ல" என்றேன்.

"அப்படீங்களா. அடுத்த தடவ அவரையும் கூட்டிட்டு வாங்க. அவர்கிட்டயே கேட்டுக்கலாம்."

இந்த யோசனை சொல்ல ஒரு பட்டம் வேண்டியிருக்கிறது.

ஜூலை 30, புதன்

மாட்டேன் என்பார் என்று நினைத்துத்தான் கேட்டேன். "சரி" என்றார். அப்புறம், "என்ன சட்ட போட்டுக்கிட்டு உக்காரணும்?" பெண் பார்க்கப் போகிற மாதிரி.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

நுஸைபா டியூஷனுக்குப் போன பிறகு தண்ணீர்ச் செம்பில் போனைச் சாய்த்து வைத்துக் கட்டிலில் இரண்டு பேரும் உட்கார்ந்தோம். இஸ்திரி போட்ட நீலச் சட்டை. பாஸ்போர்ட் படத்துக்கு உட்காருவது போல் உட்கார்ந்திருந்தார்.

அமராவதி ஊர் பேர் எல்லாம் கேட்டார். இவர், "பன்னெண்டு வருஷம் தமாம்ல இருந்தேங்க" என்று ஆரம்பித்தார்.

"பதினாலு" என்றேன்.

பேச்சு நின்றுவிட்டது. வாயைத் திறந்தபடி சுவரைப் பார்த்தார். நான் எடுத்துக் கொடுக்கப் போனேன். அமராவதி கையைக் காட்டி என்னை நிறுத்தினார். என்னை. வகுப்பில் நான் செய்கிற அதே சைகை.

அப்புறம் இவரே சொன்னார்: "முதல் ரெண்டு வருஷம் ஜுபைல்ல இருந்தேங்க. அப்பறம் பன்னெண்டு வருஷம் தமாம். அதச் சொல்ல வந்தேன்."

"அப்ப ஏனுங்க நிறுத்துனீங்க?"

"இவ மூஞ்சி." அப்படியே சொன்னார், என்னைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு. "இவ ஒதட்டோரம் ஒரு மாதிரி கீழ எறங்கும். அது எறங்குச்சுன்னா எனக்கு அடுத்த வார்த்த வராதுங்க. போன்ல அந்த மூஞ்சி தெரியாது. எங்க ரூம்ல எட்டுப் பேரு, வீட்ல எங்கம்மா, அதுனால வீடியோ கிடையாது, பேச்சு மட்டுந்தான். அப்ப நல்லாப் பேசுவேன்."

போனில் என் சின்னக் கட்டம் தெரிந்தது. அதில் ஒரு பொம்பளை. உதட்டோரம் கீழே இறங்கியிருந்தது.

எழுந்து போய் அடுப்பைப் பற்ற வைத்தேன். சமைக்க ஒன்றும் இல்லை.

ஆகஸ்ட் 4, திங்கள்

என் மூஞ்சியாம். இந்த மூஞ்சிதான அவுக அம்மாவ ஆறு மாசம் படுக்கைல வச்சுத் தொடச்சுவிட்டுச்சு? இந்த மூஞ்சிதான கஜா புயல்ல ஓடு பறந்தப்ப புள்ளையத் தூக்கிக்கிட்டு ஸ்கூல்ல போய் ஒக்காந்துச்சு? அப்ப எங்க இருந்தீக நீங்க? போன்ல. "பயப்படாத நிலோ"ன்னு போன்ல. சிரிச்ச மூஞ்சியா இருக்கணும்னா அத வச்சுக் காப்பாத்த ஒரு ஆளு பக்கத்துல இருந்திருக்கணும். இப்ப வந்து மூஞ்சி சரியில்லங்கறாக. அதுவும் ஈரோட்டுக்காரிகிட்ட. இத்தன வருஷத்துல எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லத் துப்பில்ல—

முள்ளங்கத்திரிக்காய் வாங்க வேண்டும். நுஸைபாவுக்கு வெள்ளை நூல்.

ஆகஸ்ட் 6, புதன்

எட்டாம் வகுப்பில் பிரகதீஸ்வரி பாடத்தை வாசித்துக்கொண்டிருந்தவள் நடுவில் நிறுத்தினாள். "தப்பா வாசிச்சுட்டேனா டீச்சர்?" என்றாள்.

தப்பு எதுவும் இல்லை. நான் ஒன்றும் சொல்லவும் இல்லை. அவள் வாசிப்பு நன்றாக இருந்தது.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

சண்டை போடுவதற்காகவே உட்கார்ந்தேன். புயலைச் சொன்னேன், மாமியாரைச் சொன்னேன். "மூஞ்சிய மாத்திக்கணும்னு சொல்லப்போறீங்களா? போன ஆள் கண்ணாடியப் பாத்துச் சிரிக்கச் சொன்னார்" என்றேன்.

அமராவதி கோபப்படவில்லை. அதுவே எரிச்சலாக இருந்தது.

"உங்க மூஞ்சி உங்களுக்குத்தானுங்க வேணும். அது பட்டபாடு அதுல தெரியத்தான் செய்யும்" என்று சொல்லிவிட்டு இவர் பக்கம் திரும்பினார். "நீங்கதானுங்க ஒண்ணு செய்யணும். அவங்க மூஞ்சி எப்படிப் போனாலும் ஆரம்பிச்சத முடிச்சிருங்க. பாதியில நிறுத்துனா, மிச்சம் என்னன்னு அவங்களுக்கு எப்படிங்க தெரியும்?"

இவர் தலையாட்டினார். அப்புறம் என்னைப் பார்க்காமல், "புயலப்ப லீவு கேட்டேன். குடுக்கல. மொதலாளி கால்ல விழாத கொறதான்" என்றார். வாக்கியம் முடிந்தது.

இது எனக்குத் தெரியாது.

ஆகஸ்ட் 16, சனி

வீட்டுப்பாடம் செய்கிறார். காலையில் சாப்பிடும்போது ஐஸ் கம்பெனி கம்ப்ரசரைப் பற்றிப் பேசினார். அதில் ஒரு வால்வு. அந்த வால்வுக்கு ஒரு வரலாறு. மேட்டில் ஏறுகிற பாரவண்டி மாதிரி, நின்று நின்று, மூச்சு வாங்கி, ஆனாலும் ஏறிவிட்டார். என் உதடு தானாகவே இறங்கியது. முந்தானையை எடுத்து வாயில் வைத்துக்கொண்டேன்.

"பல் வலியா?" என்றார்.

கட்டிய மனைவியைச் சிரிக்க வைப்பது நோக்கம் இல்லை அவருக்கு. உண்மையாகவே கேட்டார். உலகத்தில் இப்படியும் ஒரு ஆள்.

ஆகஸ்ட் 23, சனி

ஏஜெண்ட் காலையில் மறுபடி கூப்பிட்டான். இந்த மாதத்துக்குள் சொல்ல வேண்டுமாம்.

நுஸைபாவின் மூக்குக்கண்ணாடி தயாராகிவிட்டதென்று கடையிலிருந்து போன் வந்ததால் அறந்தாங்கிக்கு வண்டியில் போனோம். நான் பின்னால். ஊர் எல்லை தாண்டியதும் பேச ஆரம்பித்தவர்தான். காற்றில் பாதி காதில் விழவில்லை. கேட்டதெல்லாம் கோர்வையாக இருந்தது. அதே போன் குரல். எனக்கு எரிச்சலும் வந்தது, வேறு என்னவோவும் வந்தது. முதுகைக் காட்டினால்தான் பேசுவாரா?

ஒரு வளைவில் வேகத்தைக் குறைத்துக் கேட்டார்: "நான் இருக்கணுமா, போகணுமா நிலோ? ஒனக்கு எது வேணும்?"

"ஒங்க தங்கச்சிகிட்டக் கேளுங்க."

"கேட்டேன். அவ போகச் சொல்றா. நான் ஒன்னக் கேக்குறேன். ஒங்கிட்டக் கேக்கத்தான் பயமா இருந்துச்சு. போங்கன்னு நீ சொல்லிட்டா?"

வண்டியின் பின்கம்பியைப் பிடித்துக்கொண்டேன். பதில் இல்லாமல் இல்லை. அதற்கு ஒரு வாக்கியம்தான் அகப்படவில்லை. தமிழாசிரியை.

கொஞ்ச தூரம் போய், "இப்ப ஒன் மூஞ்சி எப்படி இருக்கு?" என்றார்.

"ரோட்டப் பாத்து ஓட்டுங்க" என்றேன்.

ஆகஸ்ட் 25, திங்கள்

அவர் ஷூ மாட்டிக்கொண்டிருந்தபோது சொன்னேன். "போக வேணாம். இங்கயே இருங்க." பள்ளியில் பெஞ்சு மேல் ஏறி நிற்கிறவனிடம் பேசும் குரல்தான் வந்தது. எனக்கு வேறு குரல் இல்லை.

"அதக் கொஞ்சம் ஆசையாத்தான் சொல்றது" என்றார்.

"ஆசையாச் சொல்ற பழக்கமெல்லாம் விட்டுப்போச்சு. இது போதும்னா இருங்க."

"போதும்" என்றார். அங்கேயே நின்று ஏஜெண்டுக்குப் போன் செய்தார். ஒரு ஷூவோடு.

செப்டம்பர் 14, ஞாயிறு

ஹமீதா பானு குடும்பத்தோடு சாப்பிட வந்தாள். என்ன நிலைமை என்று பார்த்துப் போகத்தான். தமாம் பேச்சு வந்தது. இவர் ஒரு கல்யாண வீட்டில் ஜெனரேட்டர் நின்றுபோன கதையை எடுத்தார். "அன்னைக்குச் செவ்வாக்கெழம..."

"புதன்" என்றேன். அன்று எங்கள் பள்ளி ஆண்டுவிழா. ஒரு கல்யாண வேலைக்குப் போகிறேன் என்று போனில் சொன்னார். எனக்குத் தெரியாதா?

ஹமீதா பானு என்னைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். குழம்புக் கரண்டியைக் கீழே வைக்கவில்லை.

"செவ்வாக்கெழமதான்" என்றார் ரிஃபாய். "ஜெனரேட்டர் பக்கத்துல நின்னது நானா, நீயா?"

நாத்தனார் வீட்டுக்காரர் குனிந்து சிரித்தார். என் உதடு எங்கே இருந்ததென்று எனக்கே தெரியும். இவர் அதை நேராகப் பார்த்தார். பார்த்துக்கொண்டே மேலே சொன்னார். விளக்கு திரும்ப எரிந்ததும் கல்யாண மாப்பிள்ளையின் தகப்பனார் வெளியே வந்தாராம். எண்ணெய்க் கறையோடு நின்றவரைக் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போய்த் தன் தட்டிலேயே சேர்ந்து சாப்பிட உட்கார வைத்தாராம்.

"எனக்குச் சோறே எறங்கல. இத ஒங்க மதினிகிட்டச் சொல்லணும் சொல்லணும்னே இருந்துச்சு."

"சொன்னீகளா?" என்றாள் ஹமீதா பானு.

"எங்க? கெழமையிலயே நின்னு போயிரும். இன்னைக்குத்தான் சொல்றேன்."

இந்தக் கதையை அவர் எத்தனை தடவை ஆரம்பித்திருக்கிறார். விளக்கு எரிந்த பிறகும் ஏதோ நடந்தது என்று எனக்குத் தெரியாது.

எல்லோரும் போன பிறகு தட்டுகளைக் கழுவும்போது, அந்தப் பெரியவர் என்ன கறி வைத்தார் என்று கேட்டேன். ஆட்டுக்கறியில் ஆரம்பித்து இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார், அடுப்படி வாசலில் நின்று. போதும் என்று சொல்லத் தோன்றுகிறது.

புதன்கிழமைதான்.