மேசை விளக்கின் பித்தளை வில்லை

டேய் தோஸ்து,

விளக்கு வந்து சேர்ந்துவிட்டது. போன வெள்ளிக்கிழமை மதியம் உன் மகள் அதைப் பழைய வேட்டியில் சுற்றி, கைக்குழந்தையைப் போல மார்போடு அணைத்துக்கொண்டு என் வீட்டுப் படியேறினாள். மேசைமேல் வைத்துப் பிளக்கைச் செருகினேன். எரியாது என்றுதான் நினைத்தேன். நான் எதைத்தான் முதலில் நம்பியிருக்கிறேன்? எரிந்தது. கொஞ்ச நேரத்தில் தகரப் புனல் சூடேறி மண்ணெண்ணெய் வாடை கிளம்பியது. அடேயப்பா, இத்தனை வருஷம் கழித்துமா! அன்றைக்கு எத்தனை தடவை சீயக்காய் போட்டுத் தேய்த்தோம்.

போகும்போது உன் மகள் ஒரு வார்த்தை சொன்னாள். அதை இப்போதே எழுதினால் மேற்கொண்டு எழுத எனக்குத் தைரியம் இருக்காது. கடைசியில் எழுதுகிறேன்.

கைத்தொழில் வகுப்பில் இரண்டிரண்டு பேராகச் சேர்ந்து ஏதாவது ஒரு பொருளை வரைந்து, செய்து, பள்ளிக் கண்காட்சிக்குக் கொண்டுவரச் சொன்னார்கள். மற்றவர்கள் மணைப்பலகை, படச்சட்டம் என்று சுலபமான வழியில் போனார்கள். நீ மேசை விளக்கு என்றாய். எனக்குச் சிரிப்பு வந்தது. உன் வீட்டில் மேசையும் கிடையாது, மின்சாரமும் கிடையாது. கொருக்குப்பேட்டையில் தண்டவாளத்துக்குப் பக்கத்துச் சந்தில், சிம்னி விளக்கில் படிக்கிறவன் நீ.

"வூட்ல கரண்டு இல்லாதவன்தான்டா வெளக்கு செய்யணும். இருக்கறவனுக்கு இன்னா தெரியும் அதோட அருமை?" என்றாய்.

கரண்டு எங்கள் ராயபுரம் மளிகைக் கடையில் இருந்தது. அதற்காகத்தான் என்னைக் கூட்டுச் சேர்த்தாயோ என்று அப்போதே ஒரு நினைப்பு எனக்கு. என் அப்பா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து கடை வைத்தவர். "ஏலே, ஆளு மூஞ்சியப் பாத்து நிறுக்காத. தராசு முள்ளப் பாத்து நிறு" என்பது அவருடைய வேதம். அந்த வேதத்தில் ஊறியவன் நான். யார் சிரித்தாலும் எதற்குச் சிரிக்கிறான் என்று பார்ப்பேன்.

கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் நீ வரைந்தாய். கீழே மரப்பெட்டி. அதிலிருந்து கொக்குக் கழுத்துப்போல வளைந்த குழாய். தலையில் எங்கள் கடையின் மண்ணெண்ணெய்ப் புனலைக் கவிழ்த்துவைத்தால் விளக்குக்கு மூடி. கயிற்றை இழுத்தால் எரியும் ஹோல்டர். படத்தில் அழகாக நின்ற விளக்கு, செய்ததும் குப்புற விழுந்தது. தலை கனம். பெட்டிக்குள் கனம் வைக்க வேண்டும் என்று நாம் இரண்டு புத்திசாலிகளும் ராயபுரம் கடற்கரையிலிருந்து மணல் அள்ளி வந்து கொட்டினோம். உப்பு மணல் காயுமா? ஈரம் ஒயரில் ஏறி, தொட்ட எனக்கு விட்டது பார் ஒரு உதை! நான் பருப்பு மூட்டைமேல் போய் விழுந்தேன். நீ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய். வேண்டுமென்றே செய்தாயோ என்று இரண்டு நாள் உன்னோடு பேசவில்லை. பிறகு நீயே தண்டவாளத்து ஜல்லியைக் கொண்டுவந்து நிரப்பினாய், விளக்கு நின்றது.

பித்தளைக் குழாயை நீ கொண்டுவந்தபோதும் எனக்குச் சந்தேகம். உன் நைனா தண்டையார்பேட்டைப் பக்கம் ஓர் இயந்திரப் பட்டறையில் வேலை பார்த்தார். பட்டறைச் சாமானோ? "கால் ஒட்ஞ்ச கட்டிலோடதுடா, பழைய சாமான் கடையில வாங்கனேன்" என்றாய். சரி என்று தலையாட்டிவிட்டு, உனக்குத் தெரியாமல் அந்தக் கடைக்கே போய் விசாரித்தேன். "ஆமாம் தம்பி, அந்தப் பையன் மதியம் பூராவும் நின்னு பேரம் பேசுனான்" என்றார் கடைக்காரர். வெட்கப்பட்டிருக்க வேண்டும். நானோ, இந்த ஆளும் கூட்டுக் களவாணியோ என்று யோசித்துக்கொண்டே வீடு வந்தேன்.

அப்புறம் வந்தது வில்லை. கயிற்று நுனியில் பிடித்து இழுக்கக் கனமாக ஏதாவது வேண்டியிருந்தது. நீ ஒரு பித்தளை வில்லையைக் கட்டினாய். எட்டணா அகலம், மேலே ஓட்டை, நடுவில் எண் அடித்திருந்தது.

"எங்க நைனாதுடா. கால்ல இரும்பு வுழ்ந்து வூட்ல குந்திகினு கீறாரே, அதான் கேட்டு வாங்கியாந்தேன். வேலைக்குப் போறப்ப திருப்பிக் குட்த்துடணும்."

எங்கள் கடையில் எண்ணெய் டின்னை எடுத்துப்போகிறவர்களுக்கு எண் போட்ட தகடு ஒன்று கொடுப்போம். டின் திரும்பினால் தகடும் திரும்பும். தகடு வெளியே இருந்தால் டின் வெளியே இருக்கிறது என்று பொருள். உன் நைனாவின் பட்டறையிலும் வில்லைக்குத்தான் கருவி கொடுப்பார்கள் என்று கடைக்கு வரும் ஒருவர் சொல்லக் கேட்டிருந்தேன். அவ்வளவுதான். வில்லை வெளியே இருக்கிறது, ஆகவே ஒரு கருவி வெளியே இருக்கிறது, ஆகவே உன் நைனா திருடன். முள்ளைப் பார்த்தே நிறுத்துவிட்டேன்.

கண்காட்சிக்கு வரப்போவது அதே பட்டறையின் போர்மேன் என்று தெரிந்தது. வில்லையைப் பார்த்தால் உன்னோடு நானும் மாட்டுவேன். கண்காட்சி அன்று காலை, நீ வருவதற்குமுன் கயிற்றை வெட்டினேன். வில்லையை என் கால்சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, நூல் சுற்றும் கட்டை ஒன்றை அதன் இடத்தில் கட்டினேன்.

வந்ததும் நீ பார்த்தது அதைத்தான். "வில்லை எங்கடா?"

"தெரியலையே. நான் பாக்கும்போது இல்ல. அறுந்து விழுந்திருக்கும்."

நீ மண்டியிட்டுக் கடை முழுக்கத் தேடினாய். மிளகாய் மூட்டையை நகர்த்தித் தும்மிக்கொண்டே தேடினாய். நானும் தேடினேன், பாவி. வில்லை பையில் தொடையோடு உரசிக்கொண்டிருந்தது.

"நைனாக்கு இன்னாடா பதில் சொல்லுவேன்? டூலு எட்த்தா வில்லையைப் பலகையில மாட்டிட்டு வரணும். டூலைத் திருப்பிக் குட்த்தாதான் வில்லை கைக்கு வரும். அது கையில கீதுன்னா, எட்த்த சாமானெல்லாம் ஒயுங்காத் திருப்பிட்டார்னு அர்த்தம்டா!"

எங்கள் கடைக்கு நேர் தலைகீழ். நான் எதைத் திருட்டுக்குச் சாட்சி என்று நினைத்தேனோ, அது உன் நைனாவின் நாணயத்துக்குச் சாட்சி.

அந்த நொடியில், மூட்டை இடுக்கில் கிடந்தது என்று எடுத்துக் கொடுத்திருக்கலாம். கை பைக்குள் போகவும் போயிற்று. நீ நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தாய். கொடுத்தால், உன் நைனாவை நான் என்ன நினைத்தேன் என்பது உனக்குத் தெரிந்துவிடும் என்று பயந்தேன். கை வெறுமையாக வெளியே வந்தது.

கண்காட்சியில் போர்மேன் கயிற்றை இழுத்தார், அணைத்தார், மறுபடி இழுத்தார். கழுத்தைத் தடவிப் பார்த்து, "நசுங்காமல் எப்படி வளைத்தாய்?" என்று உன்னைக் கேட்டார். "மண்ணக் காய வச்சு உள்ள அடச்சு, ரெண்டு பக்கமும் மூடி, சூடு காட்டி வளச்சேன் சார்" என்றாய். "பரீட்சை முடிந்ததும் பட்டறைக்கு வா, தொழில் பழகச் சேர்த்துக்கொள்கிறேன்" என்றார். நீ என்னைத் தூக்கிச் சுற்றினாய். உனக்கு அதைவிடப் பெரிய ஆசை ஒன்றும் இருந்ததில்லை என்று எனக்குத் தெரியும்.

உன் நைனா கால் தேறி வேலைக்குத் திரும்பினார். ஸ்டோரில் துளை போடும் கருவி ஒன்றைக் காணவில்லை என்று அப்போது தேடிக்கொண்டிருந்தார்கள். ஆளுக்குக் கொடுத்திருந்த வில்லைகளை எல்லாரும் எண்ணிக் காட்டினார்கள். அவரிடம் ஒன்று குறைந்தது. கருவியை எடுத்துப்போய்விட்டு, பலகையிலிருந்து வில்லையையும் கழற்றி ஒளித்துவிட்டார் என்று பேசிக்கொண்டார்கள். வேலை போகவில்லை, ஆதாரம் இல்லையே. ஆனால் அந்த வீட்டுப் பிள்ளையை உள்ளே விடமாட்டோம் என்றுவிட்டார்கள். நீ துறைமுகத்துக்கு மூட்டை தூக்கப் போனாய்.

அந்த வாரம் வில்லையை எடுத்துக்கொண்டு கொருக்குப்பேட்டைக்கு வந்தேன், நம்பினால் நம்பு. ரயில்வே கேட் மூடியிருந்தது. சரக்கு வண்டி போய்க்கொண்டே இருந்தது. அது போய்க் கேட் திறந்தபோது என் தைரியம் தீர்ந்திருந்தது. திரும்பிவிட்டேன்.

உன் நைனா சாகிற வரைக்கும் சொல்லிக்கொண்டிருந்தார்: "நான் எடுக்கலப்பா. திருப்பிட்டேன்." என்னிடம்கூடச் சொல்லியிருக்கிறார், என் கையைப் பிடித்துக்கொண்டு.

நீயோ ஒவ்வொரு ஞாயிறும் கடைக்கு வந்தாய். வந்ததும் வராததுமாக, "இன்னா மாமு, ஜோபில இன்னா கீது?" என்பாய். எனக்குத் திக்கென்றிருக்கும். பையிலிருந்து பெப்பர்மின்ட்டை எடுத்து நீட்டுவேன். வாங்கி வாயில் போட்டுக்கொண்டு சிரிப்பாய். அந்தச் சிரிப்பை நான் எப்படியெல்லாம் நிறுத்துப் பார்த்தேன் தெரியுமா? தெரிந்து கேட்கிறாயா, விளையாட்டுக்குக் கேட்கிறாயா? என் கல்யாணப் பந்தியில் கேட்டாய். என் அப்பாவின் கருமாதி அன்று மட்டும் கேட்கவில்லை. ஏன் கேட்கவில்லை என்று அதற்கும் ஒரு வாரம் தூங்கவில்லை. உன்னைப்போல ஒருவனோடு ஆயுள் முழுக்கச் சிநேகமாக இருந்தும் ஒரு ஞாயிற்றுக்கிழமைகூட நிம்மதியாக இருந்ததில்லை. யாரை நோவது?

இப்போது உன் மகள் சொன்னதை எழுதிவிடுகிறேன். கயிற்று நுனி மொட்டையாக இருந்தது. "கட்டை ஒண்ணு இருந்துச்சேம்மா?" என்றேன்.

"அத நைனாவே கயட்டிட்டாரு மாமா, ஆஸ்பத்திரிக்குப் போறதுக்கு மின்னாடி. 'வெளக்க மாமு கையில குடு. கவுத்துல கட்ற வில்லை அவன் ஜோபில கீது, அவனே கட்டிப்பான்'னாரு. இன்னா வில்லை மாமா அது?"

"தெரியலையேம்மா" என்றேன். கடையில் அன்றைக்குச் சொன்ன அதே வார்த்தை, அதே குரல். அவள் தலையாட்டிவிட்டுப் போய்விட்டாள்.

எப்போது கண்டுபிடித்தாய்? அன்றைக்கே, என் கை பையிலிருந்து வெறுமையாக வந்தபோதேவா? பிறகு ஏன்டா வந்தாய், ஞாயிறு தவறாமல்? என்னைக் கொல்லவா, இல்லை நானாகக் கொடுக்கட்டும் என்று காத்துக்கொண்டா? பார், இப்போதும் சந்தேகம்தான் படுகிறேன். என் ரத்தம் அப்படி.

வில்லையை எடுத்து வைத்திருக்கிறேன். கயிற்றில் கட்டவில்லை. விளக்குக்கு அது இரவல்தானே, வேலைக்குப் போகும்போது உன் நைனாவிடம் திருப்பிக் கொடுக்க வேண்டியது. அவர் இல்லை, நீயும் இல்லை. உன் மகள் இருக்கிறாள். தாத்தாவைப் பற்றி அவள் காதில் என்னென்ன விழுந்திருக்கிறதோ.

நாளைக் காலை கொருக்குப்பேட்டைக்கு வருகிறேன். கேட் மூடியிருந்தால் நிற்பேன். வாசலில் என்னைப் பார்த்ததும், உன் பிள்ளைதானே, ஜோபில இன்னா கீது மாமா என்று கேட்டாலும் கேட்பாள். இந்தத் தடவை பெப்பர்மின்ட் கொண்டுவரவில்லை.