கமலா இளைத்த வருடம்

பிப்ரவரி 11, 2024

என் தங்கை கமலாவிடம் இன்றும் இரண்டு பேர் “என்னமா இளைச்சிட்டே!” என்றார்கள். சர்க்கரை எல்லையில் இருக்கிறது என்று டாக்டர் சொன்னதிலிருந்து காலையில் திருத்தணி மலைப்படி ஏறுகிறாள். நானும் கூடப் போவேன், அடிவாரம் வரை. அவள் இறங்கி வரும்வரை பூக்கடைப் பெஞ்சில் உட்கார்ந்து வடை தின்பது என் பங்கு. சின்ன வயதிலிருந்தே நாங்கள் இருவரும் கனத்த உடம்புக்காரிகள்.

பூக்காரம்மா சொன்னாள்: “டீச்சர், உங்க தங்கச்சிய முருகன் செதுக்கிகினு இருக்காரு. நீங்க இன்னும் கல்லாவே குந்திகினு இருக்கீங்களே!”

கமலா சிரித்த சிரிப்பு!

மார்ச் 3

பசியே இல்லை என்கிறாள். “நல்லதுதானே” என்றார் அவள் கணவர் அரசு. நானும் தலையாட்டினேன்.

மார்ச் 19

தொளதொளத்த ரவிக்கைகளைப் பிடித்துத் தைக்கத் தையல்காரி நிஷாத் பேகம் வீட்டுக்குப் போனோம். அளவு எடுக்கக் கமலாவின் கைக்கு அடியில் நாடாவைக் கொண்டுபோனவள் அப்படியே நிறுத்திவிட்டாள்.

“கமலாக்கா, இங்க கட்டியாட்டம் இருக்குதே. வலிக்குதா?”

வலிக்கவில்லையாம். கழுத்திலும் ஒன்று இருந்தது. ராத்திரியில் புடவை நனையும்படி வேர்ப்பதையும் அப்போதுதான் சொன்னாள். மாதவிலக்கு நிற்கிற வயது, அதனால்தான் என்று நினைத்திருக்கிறாள்.

ஏப்ரல் 6

சென்னையில் கட்டியிலிருந்து சதை எடுத்துப் பரிசோதித்தார்கள். லிம்போமா. நிணநீர்க் கணுக்களில் வருகிற புற்றுநோய்.

எத்தனை வருடம் நிணநீர்ப் பாடம் நடத்தியிருக்கிறேன்! கழுத்து, அக்குள், தொடை இடுக்கு — படம் வரைந்து பாகம் குறிக்கச் சொல்வேன். அவள் இளைத்ததில் பெரும்பங்கு இந்த நோயுடையதாம். அப்படியானால் இத்தனை நாள் நாங்கள் எதைப் பார்த்துச் சந்தோஷப்பட்டோம்?

ஏப்ரல் 28

முதல் கீமோ முடிந்து கமலா வீட்டுக்கு வந்திருக்கிறாள். பள்ளிப்பட்டிலிருந்து அரசுவின் அக்கா மணியம்மை பார்க்க வந்தாள். ஆப்பிள் பையைக் கீழே வைப்பதற்குள், “போன்ல வந்துச்சு. ஒடம்பு பெருத்த பொம்பளைங்களுக்குத்தான் இது ஜாஸ்தி வருதாம். குந்தின எடத்துலயே குந்திகினு இருந்தா வராம இன்னா பண்ணும்?” என்றாள்.

கமலா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

மே 12

கமலா பாதி தோசைக்கு மேல் தொடுவதில்லை. வாந்திக்குப் பயந்து என்று நினைத்தேன். இன்று மாடியேறிப் பார்த்தால், சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்துகொண்டிருக்கிறாள், உச்சி வெயிலில்.

“இப்பவாச்சும் கொறைக்கிறேன்க்கா” என்றாள்.

மே 15

கையோடு சென்னை டாக்டரிடம் அழைத்துப் போனேன். சின்னப் பெண். பொறுமையாகச் சொன்னார்: “ஆயிரக்கணக்கான பெண்களைப் பல வருஷம் கவனிச்சிருக்காங்கம்மா. இளவயசுல எடை கூட இருந்தவங்களுக்கு இது கொஞ்சம் கூடுதலா வருது. உடற்பயிற்சி செய்றவங்களுக்குக் கொஞ்சம் குறையலாம், அதுவும் உறுதியில்ல. ஆனா உங்களுக்கு ஏன் வந்துச்சுன்னு எந்த ஆய்வும் சொல்லாது. இப்ப நீங்க இளைக்கவே கூடாது. நல்லா சாப்பிடுங்க.”

திரும்பும் ரயிலில் நான் என் வழக்கப்படி உதாரணம் ஒன்றை எடுத்தேன். “பாரு கமலா, சென்னைக்குப் போக திருத்தணியிலேயே ஏறினா உட்கார எடம் கெடைக்கும். அரக்கோணத்துல ஏறினா கஷ்டம். ஆனா திருத்தணியில ஏறியும் நின்னுகினு போறவங்க இருக்காங்க இல்ல? அது அவங்க தப்பா?”

“நீ குந்திகினு சொல்றக்கா” என்றாள். “மலை ஏறனது நான். வடை துன்னது நீ. உனக்கு வரலியே!”

பெட்டியில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

மே 18

கமலா இன்னும் பேசவில்லை. கஞ்சியை மட்டும் வாங்கிக் குடித்தாள். போதும்.

ஜூலை 29

ஆடிக் கிருத்திகை. கூட்டத்துக்குள் போகவே கூடாது என்று டாக்டர் சொல்லியிருப்பதால் ஜன்னலோரம் நாற்காலி போட்டு உட்கார வைத்தோம். தெரு முழுக்கப் பூக்காவடி, மொட்டைத் தலைகளில் சந்தனம். கமலா முடி கொட்டிப்போன தன் தலையைத் தடவிக்கொண்டு, “இன்னிக்கு யாரும் என்ன நோயாளின்னு சொல்ல மாட்டாங்க. ஊர்ல பாதிப் பேரு என்ன மாதிரிதான் இருக்காங்க” என்றாள்.

அவளே கேட்டு வாங்கி இரண்டு இட்லி சாப்பிட்டாள்.

செப்டம்பர் 1

கழுத்தில் மறுபடியும் கட்டி. மருந்தை மாற்றுகிறார்கள்.

அக்டோபர் 13

புது மருந்தும் கேட்கவில்லை. இனி வலிக்கு மட்டும்தான் என்று அரசுவிடம் சொல்லி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். கமலாவிடம் யாரும் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை, தெரிந்திருக்கிறது.

மத்தியானம் அவள் பக்கத்தில் படுத்திருந்தேன். கட்டிலில் அவளுக்கு ஓரமே போதுமாக இருக்கிறது. “இந்தப் பக்கம் திரும்பு” என்றாள். திரும்பினேன். என் கழுத்தில் விரல்களை வைத்து, இரண்டு பக்கமும் மெல்ல அழுத்தி அழுத்திப் பார்த்தாள். பிறகு கையைத் தூக்கச் சொன்னாள். கூச்சத்தில் நெளிந்தேன்.

“சும்மா இரு டீச்சரம்மா” என்று அதட்டினாள்.

வெகுநேரம் தேடினாள். மூச்சு வாங்கியது.

“ஒண்ணும் இல்லக்கா உனக்கு.”

அவள் கையை அப்படியே பிடித்துக்கொண்டேன்.

“நட. நடக்கறது நல்லதுதான். ஆனா காரணம் தெரியாம இளைச்சேன்னா சந்தோசப்பட்டுகினு இருக்காத. ஒடனே போய்க் காட்டு. இன்னா?”

“ஆங்” என்றேன்.