பெயர் சொல்லாமல் கேட்ட பெண்

அன்பு மகன் மைதமுக்கு, அல்லாஹ்வின் அருளால் அமாராவில் நாங்கள் எல்லோரும் நலம், நீயும் அந்தக் குளிர்தேசத்து மால்மோவில் இழுத்துப் போர்த்திக்கொண்டு நலமாக இருப்பாய். முதலில் ஒரு வெட்கக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன். ஏழு வருடமாக வாரம் மூன்று தடவை உன் முகத்தைப் பார்க்கிற எனக்கு உன் விலாசம் தெரியாது. நீ போனுக்குள்ளேயே குடியிருப்பதாக நினைத்துவிட்டேன் போல. நீ அனுப்பிய கம்பளிச் சட்டையின் பெட்டியைப் பரணிலிருந்து இறக்கி, அதிலிருந்ததைப் பார்த்து உன் தங்கை ஷஹ்லா எழுதித் தந்தாள்.

பத்து நாளாக இங்கே நெட் இல்லை. பரீட்சைத் தாள் கசியக் கூடாது என்று விடியற்காலையில் இரண்டு மணி நேரம் அடைப்பார்களே, அப்படித்தான் அடைத்தார்கள். அடைக்கத் தெரிந்தவர்களுக்குத் திறக்கத் தெரியவில்லை. கடலுக்கடியில் கம்பி அறுந்தது என்கிறான் ஒருவன், பாலைவனத்தில் தோண்டிவிட்டார்கள் என்கிறான் இன்னொருவன். ஊரே சாதாரண போனில் தொங்கியதில் அதுவும் கொர்கொர் என்கிறது. எனக்கு வருகிற கோபத்துக்கு அடுப்பே வேண்டாம், மாவை என் தலையில் வைத்தால் ரொட்டி வெந்துவிடும். நீயும் அங்கே அந்தக் கம்பி வேலைதானே பார்க்கிறாய்! ஒரு நாட்டின் கல்யாணம், காய்ச்சல், இழவு எல்லாவற்றையும் ஒரே கம்பியில் கொண்டுபோய்க் கட்டினீர்களே, அறுந்தால் என்ன செய்வது என்று படித்தவன் ஒருவனுக்குமா தோன்றவில்லை? ஊர் சமாளிக்காமல் இல்லை. நம் ரொட்டிக்கடைச் சுவரில் கரித்துண்டால் எழுதி வைக்கிறார்கள், உம்மு நஜ்லாவுக்கு இரண்டாவதும் பெண், பல் டாக்டர் இன்று வரமாட்டார், இப்படி. படித்துவிட்டு ரொட்டி வாங்காமல் நழுவுகிறவனை நான் விடுவதில்லை, அது வேறு விஷயம்.

வயிறு எரிகிற சேதிக்கு வருகிறேன். நாசிரியா ஊரிலிருந்து மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் போன மாதம் வந்து நம் ஷஹ்லாவைப் பார்த்துப் பிடித்துப்போய், வியாழக்கிழமை அசர் தொழுகை முடிந்து சாயங்காலம் ஆண்கள் பெண் கேட்டு வருவதாகப் பேச்சு. அவளுக்கும் அந்தப் பையனைப் பிடித்திருக்கிறது, நீ தெரியாத மாதிரி இரு. வீட்டுக்கு வழியைப் போனில் அனுப்புவதாக இருந்தேன், அதற்குள் நெட் செத்தது. நம் பக்கத்து ஆட்களை உட்காரவைத்துக்கொண்டு காத்திருக்கிறேன், கறி ஆறுகிறது, ஒருவரையும் காணோம். உன் அம்மா உள்ளிருந்து, உங்க வாய்க்குப் பயந்தே வரலை போல என்கிறாள். எழுந்து தெருமுனைக்குப் போனால், இரண்டு வண்டி, முன்வண்டியில் தண்ணீர் கொதித்துப் புகைகிறது, வெள்ளை வெளேரென்று உடுத்திய பெரியவர் ஒருவர், தம்பி, ஒரு சொம்புத் தண்ணி கிடைக்குமா என்றார். கொண்டுவந்து ஊற்றிக்கொண்டே, என்ன ஹாஜி, முகத்துல கல்யாணக் களை என்றேன். ஆமாப்பா, இப்பதான் அபூ மைதம் பொண்ணைக் கேட்டோம், சரின்னுட்டார், டீயும் குடிச்சாச்சு என்றார். சொம்பு கையிலிருந்து விழுந்துவிட்டது. நான்தான்யா அபூ மைதம், நான் இன்னும் டீயே ஊத்தலையே என்று கத்தினேன்.

எல்லாம் உன் பெயரால் வந்த வினை. உன்னைப் பெற்ற நாளிலிருந்து மைதமின் அப்பா, அபூ மைதம், என்றே கூப்பிட்டு, ஜவாத் என்ற என் சொந்தப் பெயரை இந்த ஊர் மறந்துவிட்டது. ஆற்றுக்கு அந்தப் பக்கம் செங்கல் விற்கிறவனுக்கும் மூத்தவன் பெயர் மைதம், வழி கேட்டவர்களை யாரோ அங்கே கொண்டுபோய் விட்டிருக்கிறான். அவன் அன்று காலைதான் பாக்தாத்திலிருந்து வந்து தூங்கியிருக்கிறான், மனைவி மகளைக் கூட்டிக்கொண்டு தன் அக்கா வீட்டுக்குப் போயிருந்தாள். வாசலில் பதினோரு பேரைப் பார்த்ததும் மனைவி ஏற்பாடு செய்திருப்பாள் என்று உட்காரவைத்தானாம். அந்த வெள்ளுடைப் பெரியவர், பையனின் பெரியப்பா ஹாஜி ரஸ்ஸாக், சரி என்ற வார்த்தை வரும்வரை குடிக்கக் கூடாது என்ற வழக்கப்படி டீயைத் தொடாமல், உங்க பொண்ணை எங்க பையனுக்குக் கேட்டு வந்திருக்கோம் என்றாராம். சபையில் பெண்ணின் பெயரைச் சொல்வார்களா? சொல்லவில்லை. இவன் சரி என்றான், அவர்கள் குடித்தார்கள், பேச்சை உறுதி செய்து ஃபாத்திஹாவும் ஓதியாயிற்று.

எல்லோரையும் திருப்பிக்கொண்டு அவன் வீட்டுக்குப் போனேன். வார்த்தை வார்த்தைதான், குடிச்ச டீயை வயித்துலேர்ந்து எடுக்க முடியுமா என்கிறான் செங்கல்காரன். உன் செங்கல்லைத்தான் தண்ணி கலந்து விக்கிறவன்னு நினைச்சேன், சம்பந்தத்தையுமா என்று நான் எகிறினேன். ஷஹ்லா வாழ்க்கை போய்விட்டது என்றே நினைத்தேன் மைதம். நல்லவேளை அப்போது அவன் மனைவி வந்து நுழைந்தாள். யாரைக் கேட்டு சரின்னீங்க, நம்ம பொண்ணை என் அக்கா மவனுக்குப் பேசியாச்சு, ஒரு வாரத்துக்கு முன்னாடியே வாய்ஸ் அனுப்பினேனே, கேக்கலையா என்றாள். அவன் போனை எடுத்துப் பார்த்தான். எங்கே வந்திருக்கும்! அத்தனை பேர் முன்னாலும் வாக்கைத் திருப்பிக் கொடுத்தான்.

நம் வீட்டுக்கு வந்தார்கள். டீ வைத்தேன், ஹாஜி தொடாமல் தொண்டையைச் செருமி, உங்க பொண்ணை என்று ஆரம்பித்தார். திரைக்குப் பின்னாலிருந்து ஷஹ்லா குரல் வந்தது. எந்தப் பொண்ணைன்னு பேரைச் சொல்லிக் கேளுங்க, இல்லேன்னா டீ ஆறட்டும். எனக்கே சுரீர் என்றது. ஆனால் தெருத்தெருவாகத் தொலைந்தது அவள் பெயர்தானே? நான் ஹாஜியையே பார்த்தேன். அவர் வேர்த்து விறுவிறுத்து, ஜவாத் மகள் ஷஹ்லாவை எங்க தம்பி மகனுக்குக் கேக்குறோம் என்றார், இருபது ஆண்கள் காதில் விழ. அவள் ஒன்றும் சொல்லவில்லை, அதற்குச் சம்மதம் என்றுதான் அர்த்தம், உனக்குத் தெரியும். சரி என்றேன். ஆறின டீயை ஒரே மடக்கில் குடித்தார் மனிதர்.

கல்யாணம் ரபீஉல் அவ்வல் மாதத்தில், விடுப்புக்கு இப்போதே எழுதிக் கொடு, மறக்காதே. சாப்பாட்டைத் தள்ளிப்போடாதே. அல்லாஹ் உன்னை நோயில்லாமல், கடனில்லாமல், நல்ல கம்பியோடு வைத்திருக்கட்டும். அம்மா உன் நெற்றியில் முத்தமிடுகிறாள்.

உன்னைத் திட்டுவதற்கென்றே உயிரோடிருக்கும் அப்பா,
ஜவாத்

பி.கு.: நாசிரியாக்காரர்கள் ஊர் திரும்பப் போனில் வழி பார்க்க முடியாமல் என்னிடம் கேட்டார்கள். சாலைச் சந்திப்பு வரை கூடவே போய், கைகாட்டி அனுப்பிவைத்தேன். மறுநாள் காலை அவர்களைக் கூத் நகரத்தில் பார்த்ததாக லாரிக்காரர் ஒருவர் சொன்னார். அது எதிர்த்திசை.