அப்பாவைச் சாகடித்த ஓவியம்

அன்புள்ள அம்மாவுக்கு,

மாதாவின் புண்ணியத்தில் நான் சுகம். உங்கள் முழங்கால் நோவும் அப்பாவின் இருமலும் குறைந்தனவா? தொலைபேசியில் சொன்னால் கத்திவிடுவேன் என்பதால் இதை எழுதுகிறேன்.

நம் ஊர் பேசாலைக்கு வந்து உங்களை வரைந்த ஓவியரின் கண்காட்சி இங்கே லண்டனில் நடக்கிறது. நீங்கள் சொன்னபடியே போய்ப் பார்த்தேன். திருவிழாச் சேலை உடுத்து, சங்கிலி போட்டு, சிரித்தபடி அவர் முன்னால் இருந்தீர்களாமே. ஓவியத்தில் சேலை கிழிந்திருக்கிறது. சங்கிலி இல்லை. முன்பல் இரண்டும் இல்லை. அவை கலைக்கு இடைஞ்சலாக இருந்திருக்கும். கீழே ஓர் அட்டையில், 'கடல் கொண்டுபோன கணவனுக்காகக் காத்திருக்கும் பெயரற்றவள்' என்று எழுதியிருக்கிறது. அப்பாவிடம் இதை மெதுவாகச் சொல்லுங்கள்.

ஓவியர் பக்கத்திலேயே நின்றார்.

"இது என்ர அம்மா. பேர் றெஜினா. அப்பா நேற்றும் என்னோட கதைச்சவர்" என்றேன்.

"தங்கச்சி, இது உங்கட அம்மா இல்லை. இது ஒரு குறியீடு."

"குறியீடோ உங்களுக்கு ரெண்டுதரம் தேத்தண்ணி ஊத்தித் தந்தது?"

அவர் சிரித்துக்கொண்டே வேறு விருந்தினரிடம் போய்விட்டார். நான் பேனையை எடுத்து, அட்டையில் 'பெயரற்றவள்' என்பதை வெட்டிவிட்டு உங்கள் பெயரை எழுதினேன். பொலிஸ் வரவில்லை, பயப்பட வேண்டாம்.

அந்தத் திருவிழாச் சேலையோடு நீங்களும் அப்பாவும் நிற்கிற புகைப்படம் ஒன்று அனுப்புங்கள். முடிந்தால் கொஞ்சம் கருவாடும்.

கண்களை மட்டும் அந்த மனிதர் சரியாக வரைந்துவிட்டார். அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. மண்டபம் பூட்டும்வரை அங்கேயே நின்றேன்.

வேலைக்கு நேரமாகிவிட்டது.

மகள்,
டினோஜா